ஆஷ்லி ஆத்தோரத் தோட்டங்கள்: ஒரு நாள்ல எதைப் பார்க்கிறது?

உடன்குடிக்காரன்:
தெற்கு கரோலினா சார்ல்ஸ்டனுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறோம். ஆஷ்லி ஆத்தோரம் மேக்னோலியா, டிரேட்டன் ஹால், மிடில்டன் பிளேஸ்னு மூணு பழைய தோட்டம் இருக்கு. கையில ஒரே நாள்தான். பூ பார்க்கிறதைவிட அங்க யார் வாழ்ந்தாங்க, எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. போனவங்க சொல்லுங்களேன்.

கடைமடைக்காரி:
ஏழு வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன் தம்பி. பிறந்தது திருத்துறைப்பூண்டி பக்கம், அதனால எங்க போனாலும் என் கண்ணு மதகைத்தான் தேடும்.

1670ல ஆங்கிலேயர் குடியேறினது இப்ப இருக்கிற ஊர்ல இல்ல, ஆத்தோட மேற்குக் கரையில. அந்த இடத்துக்கு அவங்களை அழைச்சதே கியாவாங்கிற பூர்வகுடி மக்களோட தலைவர்தான். பத்து வருஷம் கழிச்சுத்தான் எதிர்ப்பக்க முனைக்கு மாறினாங்க.

அப்புறம் வந்த பணமெல்லாம் நெல்லுல வந்தது. சைப்ரஸ் மரம் அடர்ந்த சதுப்பைத் திருத்தி, கரை போட்டு, மதகு வெச்சது அத்தனையும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். அவங்கள்ல பலர் மேற்கு ஆப்பிரிக்காவுல பரம்பரையா நெல் வெளைஞ்ச ஊர்க்காரங்க. மதகுக்கு அங்க ‘டிரங்க்’னு பேர். ஆரம்பத்துல அடிமரத்தையே குடைஞ்சு கரைக்குள்ள பதிச்சதால வந்த பேர் அது. ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை கால் ஏக்கர், நம்ம கணக்குல 25 சென்ட். முழங்கால் சேத்துல, கொசுக்கடியில, மலேரியாவுல. அறுப்பு முடிஞ்சா உரல்ல குத்தணும். தவிட்டைப் புடைச்ச முறம் வட்டமா இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தப்ப எங்க அப்பாயி ஞாபகம் வந்து அழுதுட்டேன்.

மிடில்டன் மாளிகையை 1865ல, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, வடக்குப் படை எரிச்சது, மிச்சச் சுவரை 1886 நிலநடுக்கம் சாய்ச்சது. டிரேட்டன் ஹால் அப்படியே நிக்குது. உள்ளே மேசை நாற்காலி கிடையாது, வெறும் வீடு. அங்கயே அடிமை மக்களோட இடுகாடும் இருக்கு. வீட்டுக்கு முன்னாடி அங்க போங்க.

சுண்ணாம்புக்காளவாய்:
அக்கா சொன்னதோட டோர்செஸ்டரையும் சேர்த்துக்கங்க. மாசசூசெட்ஸ்லேர்ந்து வந்த ஒரு சபையார் 1690கள்ல அமைச்ச ஊர். 1750கள்ல பெரும்பாலோர் ஜார்ஜியாவுக்குக் கிளம்பிட்டாங்க, அமெரிக்கப் புரட்சிக்கு அப்புறம் ஊரே காலி. இப்ப ஒரு மணிக்கூண்டும் 1757 கோட்டைச் சுவரும்தான் மிச்சம். சுவர் சிப்பி ஓடும் சிப்பிச் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கலவை. கிட்டப் போய்ப் பார்த்தா முழுச் சிப்பி அப்படியே தெரியும்.

உடன்குடிக்காரன்:
போயிட்டு வந்தோம். இடுகாட்டுல அம்மா செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடந்தாங்க. சாயங்காலம் சந்தையில ஒரு கறுப்பினப் பாட்டி கூடை பின்னிட்டிருந்தாங்க. புல்லைச் சுருட்டி, ஓலைக் கீத்தால தைக்கிறாங்க. துளை போடுறதுக்கு ஊசி இல்ல, தட்டையாக்கின ஸ்பூன் காம்பு! பனையோலைப் பெட்டி முடைஞ்சு வளர்ந்தவங்க எங்கம்மா. பாஷையே தெரியாம பக்கத்துல உக்காந்து, அரை மணி நேரம் ஓலை கிழிச்சுக் கொடுத்துட்டிருந்தாங்க.

கடைமடைக்காரி:
அம்மாவை அடுத்த தடவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க தம்பி.