கடிகாரச் சக்கரம் பதித்த ரெசின் பேனா: அடியில் குமிழி, கடைசலில் பிய்கிறது

கேள்வி:
பேனாவின் பித்தளைக் குழாய்மேல் பழைய கைக்கடிகாரப் பற்சக்கரங்களை ஒட்டி, தெளிவான பாலியூரிதேன் ரெசின் வார்த்தேன். சக்கரங்களுக்கு அடியில் வெள்ளைக் குமிழிகள். கடையும்போது இரண்டு சக்கரங்கள் பிய்ந்து வந்தன. எங்கே தவறு?

பதில் 1:
குமிழிக்கு இரண்டு காரணம். பாலியூரிதேனுக்கு ஈரம் ஆகவே ஆகாது. கார்பன் டை ஆக்சைடு உண்டாகி நுரைக்கும். குழாயையும் சிலிகான் அச்சையும் 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் உலர்த்திவிட்டு ஊற்றுங்கள். அடுத்தது, சக்கரத்தடியில் சிக்கும் காற்று. அச்சைப் பிரஷர் பாட் எனும் காற்றழுத்தக் கலனுக்குள் வைத்து 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை அழுத்தம் கொடுங்கள்; ரெசின் இறுகும்வரை திறக்காதீர்கள். சமையல் குக்கரை இதற்குப் பயன்படுத்துவது ஆபத்து, அது ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ.க்குச் செய்தது.

பதில் 2:
பிய்ந்ததற்குக் காரணம் வளைவு. தட்டைச் சக்கரத்தின் ஓரம் குழாயைவிட்டு எழும்பி நிற்கும், உளி நேராக அதில் மாட்டும். குழாயைவிடச் சற்று மெல்லிய கம்பிமேல் வைத்து அழுத்தி வளைத்த பிறகே ஒட்டுங்கள். பித்தளை வளையும்; கெட்டியான எஃகுச் சக்கரம் ஒடியும், அதை விட்டுவிடலாம். கடிகார எண்ணெயை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவுங்கள், இல்லையென்றால் பசை பிடிக்காது. குழாயை 150 எண் உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் சக்கரங்கள் எடுப்பாகத் தெரியும்.

பதில் 3:
ஒன்று முக்கியம். இருட்டில் ஒளிரும் பழைய டயல், முள் எதையும் பதிக்காதீர்கள், சுரண்டவும் வேண்டாம். 1970களுக்கு முந்தையவற்றில் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது.