லீ இறங்கினார், ஊர்வலம் ஏறியது: வாஷிங்டன் பேராலயச் சன்னல்கள் பற்றி ஒரு வாக்குவாதம்

வெண்கலமணி:
ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையைப் போன வாரம் வாஷிங்டன் தேசியப் பேராலயத்துக்குக் கூட்டிப்போனேன். தெற்குச் சுவரில் கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் உருவாக்கிய, பதாகை பிடித்த ஊர்வலத்தைக் காட்டும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோயிலுக்குள்ள எதுக்குடா ஊர்வலம்?" என்றார். வீடு வந்து சேரும்வரை பதில் சொல்லியும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். அதே இடத்தில் 1953இல் பதித்த சன்னல்களில் இருந்தவர்கள் ராபர்ட் ஈ. லீயும் ஸ்டோன்வால் ஜாக்சனும். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தளபதிகள். கொடுத்தது யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் த கான்ஃபெடரசி என்ற, தென்படை வீரர்களின் வழிவந்த பெண்களின் சங்கம். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் ஆலயத்தில் வேதபாடத்துக்குக் கூடியிருந்த கறுப்பினத்தவர் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகுதான், இந்தச் சன்னல்கள் போக வேண்டும் என்று பேராலயத்தின் தலைமை குருவான டீனே சொன்னார். ஆனாலும் 2016இல் தென்படையின் கொடி இருந்த கண்ணாடித் துண்டுகளை மட்டும் மாற்றினார்கள். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் ஊரில் வெள்ளை இனவெறியர்களின் வெறியாட்டம். செப்டம்பரில் மொத்தமும் இறங்கியது. ஆறு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில் மார்ஷலின் சன்னல்கள் வந்தன. அவர் வாங்கிய கூலி 18 டாலர் 65 சென்ட், உள்நாட்டுப் போர் முடிந்த 1865இன் நினைவாக. (இவருடைய ஓர் ஓவியம் 2018இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.)

என் கட்சி: எடுத்ததும் சரி, வைத்ததும் சரி.

பழம்பெட்டி:
கண்ணாடியைக் கழற்றினால் உள்நாட்டுப் போரும் கழன்றுவிடுமா மணி? அந்தப் பேராலயத்தில் லிங்கனுக்கும் சிலை இருக்கிறது. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்த இரண்டு தரப்பும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்த இடம் அது. சமாதானம் என்றால் வேறென்ன?

இன்னொன்று. ஜாக்சனை ராட்சசன் மாதிரிப் பேசுகிறார்கள். போருக்கு முன் வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் அடிமைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவர் அவர். சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தும் விடவில்லை. மனிதன் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

நாவல்மரம்:
ஞாயிறு பள்ளி நடத்தியது உண்மைதான் பெட்டி அண்ணே. திங்கட்கிழமை அதே மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்ததும் உண்மை. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள்.

சமாதானம் என்கிறீர்கள், யாருக்கும் யாருக்கும்? வடக்கு வெள்ளைக்காரரும் தெற்கு வெள்ளைக்காரரும் கை குலுக்கினார்கள். எந்த விஷயத்துக்காகச் சண்டை வந்ததோ, அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. வருடத்தைக் கவனியுங்கள். போர் முடிந்து 88 வருடம் கழித்து, 1953. மறு வருடம்தான் பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், தலைநகரின் பேராலயத்தில், ஜாக்சன் எக்காள முழக்கத்தோடு பரலோகம் போகிற மாதிரி கண்ணாடி. இது வரலாற்றுப் பாடம் இல்லை, புனிதர் பட்டம்.

லீயே இதை விரும்பியிருக்க மாட்டார். 1869இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுக்கல் நடக் கூப்பிட்டபோது, போரின் ரணத்தைக் கிளறாமல் விடுவதே நல்லது என்று எழுதி மறுத்தவர் அவர்.

பழம்பெட்டி:
லீ எழுதியது எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அளவுகோல் எங்கே போய் நிற்கும்? கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரியின் சிற்றாலயத்தில் டோபியாஸ் ரஸ்டட் என்பவருக்குப் பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்ரிக்கன் கம்பெனியில் பணம் போட்டவர். கல்லூரியே எடுக்க வேண்டும் என்று கேட்டது. 2022இல் திருச்சபை நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி அந்த வணிகத்தில் வந்தது என்ற நம்பிக்கையே தவறு என்று தீர்ப்பில் இருக்கிறது. முதலில் கணக்குப் பார்த்தார்கள், அப்புறம் முடிவு செய்தார்கள். அந்த நிதானம் வேண்டும்.

நாவல்மரம்:
2015இல் பேசத் தொடங்கி 2017இல் எடுத்து 2023இல் புதிதாக வைத்திருக்கிறார்கள். இன்னும் எவ்வளவு நிதானம்? தவிர, ரஸ்டட் விஷயத்தில் பணக் கணக்கு பார்க்க வேண்டியிருந்தது. லீ எந்தப் படைக்குத் தலைமை தாங்கினார் என்பதற்கு எந்தக் கணக்கு?

ஈயக்கம்பி:
நான் கண்ணாடி வேலை செய்கிறவன். லீயை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. வைத்ததைப் பற்றித்தான் பேச்சு.

1963 செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்காமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். செய்தி கேட்டு வேல்ஸ் நாட்டில் ஜான் பெட்ஸ் என்ற கலைஞர் சன்னல் செய்து தர முன்வந்தார். அங்கே ஒரு செய்தித்தாள் நிதி திரட்டியது. யாரோ ஒரு பணக்காரர் மொத்தத்தையும் கொடுத்துவிடக் கூடாது என்று ஆளுக்கு அரை கிரவுன்தான் (அந்தக்கால பிரிட்டிஷ் சில்லறை நாணயம்) என வரம்பு வைத்தார்கள். 1965இல் வந்து சேர்ந்தது: கைகளை விரித்த கறுப்பு கிறிஸ்து. ஒரு கை அநீதியைத் தடுக்கிறது, மற்றது மன்னிப்பை நீட்டுகிறது. கீழே மத்தேயு 25இன் வரி, 'எனக்கே செய்தீர்கள்'. படிக்காத கிழவிக்கும் அது புரியும்.

மார்ஷலின் சன்னலில் என்ன இருக்கிறது? பதாகை பிடித்த கூட்டம். 'நியாயம்' என்று ஒன்று, 'இல்லை' என்று ஒன்று. பல முகங்களைப் பதாகையே மறைக்கிறது. எந்த ஊர், என்ன கொடுமை, ஒன்றும் தெரியாது. கிறிஸ்துவும் இல்லை. வண்ணம் அபாரம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மணியின் அத்தை கேட்ட கேள்வி என் கேள்வியும்தான். லீ இருந்த இடத்துக் கண்ணாடியில் லீ செய்ததற்கு ஒரு சுவடாவது வேண்டாமா? இதைப் பார்த்தால் இந்தச் சபை 64 வருடம் யாரை மாட்டி வைத்திருந்தது என்றே தெரியாது.

வெண்கலமணி:
கம்பி சார், கடைசி வரி தைக்கிறது. முகம் மறைந்திருப்பது மட்டும் எனக்குப் பிடித்தது. தளபதிகளுக்கு முகமும் பெயரும் இருந்தன, நடந்துபோனவர்களுக்கு எப்போது இருந்தது? மார்ஷல் பிறந்ததும் அதே பர்மிங்காமில்தான், 1955இல். ஊர்ப் பெயர் எழுத அவருக்குத் தெரியாமல் இல்லை.

சபையின் குற்றம் பற்றி: திறப்பு நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் வாசித்தது மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை. அந்தக் கடிதம், பொறுமையாக இருங்கள் என்று சொன்ன எட்டு மதகுருக்களுக்கான பதில். அவர்களில் இந்தப் பேராலயம் சேர்ந்த அதே எபிஸ்கோபல் சபையின் பிஷப்புகளும் உண்டு. கண்ணாடியில் இல்லாதது அன்றைக்குக் காதில் விழுந்தது.

ஈயக்கம்பி:
ஒரு நாள் விழுந்தது. கண்ணாடி நூறு வருடம் இருக்கும்.

பழம்பெட்டி:
கம்பி சொல்வதோடு எனக்கும் உடன்பாடு வந்துவிட்டதே! சரி மணி, ஒன்றே ஒன்று. அதே பேராலயத்துக்குள் ஜனாதிபதி உட்ரோ வில்சனின் கல்லறை இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்தது அவருடைய ஆட்சி. அவரை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?

நாவல்மரம்:
கல்லறை வேறு, கண்ணாடி வேறு. செத்தவரைப் புதைக்க இடம் கொடுப்பதும் அவரைப் பரலோகத்தில் ஏற்றிக் காட்டுவதும் ஒன்றா?

பழம்பெட்டி:
கல்லறையின் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி.

வெண்கலமணி:
வில்சனுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு அத்தை அந்தக் கல்லறைமேல் கை வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தார், யாரோ பெரிய பரிசுத்தவான் என்று நினைத்து. நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.