அமுக்கரா சூரணமும் தைராய்டு மாத்திரையும்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 61. தைராய்டு குறைவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். தூக்கமே இல்லை என்று புலம்பப்போய், பெரியம்மா ஒரு டப்பா அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கொடுத்துவிட்டார். ராத்திரி பாலில் அரை ஸ்பூன். தூக்கம் வருகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. காபி ஆற்றும்போது டம்ளர் டபராவில் தட்டி கடகடவென்று சத்தம் வருகிறது.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும், சர்க்கரையையும் இறக்கக்கூடும் என்று படித்தேன். அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறதாம். டென்மார்க்கில் 2023-ல் தடையே போட்டுவிட்டார்கள். இங்கே மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது! சூரணத்தை நிறுத்தியாச்சு. தைராய்டு அளவு பார்க்கும் டி.எஸ்.எச்., டி4 பரிசோதனைகளுக்கும் கல்லீரல் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறோம். தைராக்சினில் கை வைக்கவில்லை, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சித்த மருத்துவர்கள் யாராவது இருந்தால் ஒரு சந்தேகம். வேரைப் பாலில் பிட்டவியலாக (புட்டு மாதிரி பால் ஆவியில்) அவித்துச் சுத்தி செய்தால் இந்தப் படபடப்பு வராது என்கிறார் பெரியம்மா. அது சரியா? சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலியோடு சர்க்கரையும் சேர்கிறதே, நீரிழிவுக்காரர்களுக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? தைராக்சினோடு சாப்பிட்டு இதே மாதிரி ஆனவர்கள், நிறுத்திய பிறகு படபடப்பு அடங்க எத்தனை நாளானது என்று சொல்லுங்கள். கடலூரிலோ புதுச்சேரியிலோ இரண்டு மருத்துவமும் கலந்து பார்க்கும் நல்ல மருத்துவர் தெரிந்தால் இன்பாக்ஸில் போடுங்கள்.

‘மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது’ ஃபார்வர்டு மட்டும் வேண்டாம், பெரியம்மா தினமும் அனுப்புகிறார்.