உயில் எழுதாமல் போனதால் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

முகப்புத் திண்ணை, தேவகோட்டை:

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டை விடுதி நடத்துவதற்காக ஒருவர் நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டார். கூரை ஓடுகளை அவரே மாற்றிக்கொள்வார், தேக்குத் தூணில் கை வைக்கமாட்டார், முன்னோரை வணங்கும் படைப்புக்கு நாம் வந்தால் அறை ஒதுக்கித் தருவார். பங்காளிகள் யாருக்கும் மறுப்பில்லை. வழக்கறிஞர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "உரிமையாளர்கள் யார் யார்?"

இது என்ன கேள்வி என்றுதான் நினைத்தோம். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு. தம் காலத்திலேயே எங்கள் தந்தையான அப்பச்சிக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஐயாவுக்குப் பின் சித்தப்பா இளம் வயதில் தவறினார், உயில் இல்லை. அவர் பாதி சித்திக்கும் அவர் மகனுக்கும்தான் என்று ஊரே நினைத்திருந்தது. ஆனால் அப்போது அப்பத்தா உயிரோடு இருந்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. ஆகவே அந்தப் பாதி மூன்றானது. பிறகு அப்பத்தாவும் உயில் எழுதாமல் போனார். அவர் மூன்றில் ஒன்று அப்பச்சி, இரண்டு அத்தைகள், சித்தப்பா மகன் என்று நான்காகச் சிதறியது. கணக்குப் போட்டால் ஒவ்வோர் அத்தைக்கும் வீட்டில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த நகரத்தார் நமக்கே தலை சுற்றும்.

ஓர் அத்தை மலேசியாவில், ஈப்போவில் காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் தங்கமானவர்கள், எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். வாயால் சொன்னால் பத்திரம் ஆகுமா? தங்கள் சார்பில் இங்குள்ள ஒருவர் கையெழுத்திடுவதற்கான அதிகாரப் பத்திரத்துக்கு மலேசியாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி, அதற்குப் பிறகு பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போட வேண்டும். அதற்குள் குத்தகை கேட்டவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். சித்தப்பா ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் இத்தனைக்கும் வேலையே இல்லை.

கண்டனூர் ஆச்சி:

உங்களுக்காவது மனக்கசப்பு இல்லை. எங்கள் சின்னாத்தா, அதாவது அம்மாவின் தங்கை, கதையைக் கேளுங்கள். பிள்ளை இல்லை, கணவரும் முன்பே போய்விட்டார். கடைசிக் காலம் முழுவதும் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. வங்கி வைப்புக்கு அவளைத்தான் நாமினியாகப் போட்டிருந்தார். வைரத் தோடும் வெள்ளிச் சாமான்களும் உனக்குத்தான் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். எழுதி வைக்கவில்லை.

நாமினி என்பதால் வங்கி என் தங்கையிடம் பணத்தைக் கொடுத்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு சின்னாத்தாவின் கொழுந்தன் மக்களிடமிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தானாம், சொந்தக்காரர் ஆகிவிடமாட்டாராம். வாரிசு யார் என்றால், பிள்ளையில்லாத பெண் உயில் இல்லாமல் இறந்தால் கணவனுக்கும் அடுத்தபடியாகக் கணவனின் வாரிசுகள்தான். பெற்ற தாய் தகப்பனே அவர்களுக்குப் பிறகுதான். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து மட்டும் தகப்பன் வழிக்குத் திரும்பும். ஆனால் கல்யாணத்தில் போட்ட தோடு அன்பளிப்பு, வாரிசுரிமை அல்ல. ஆகவே எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுச் சீர், சின்னாத்தாவை ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்கள் வீட்டுக்குப் போனது.

கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஏடு எழுதி, மொய்ப்பண ஏட்டில் ஐந்து ரூபாயைக்கூடப் பதிந்து வைக்கிற நாம் இதை மட்டும் வாயால் சொல்லி விடுகிறோம். பெண்களும் உயில் எழுத வேண்டும். பிள்ளையில்லாத பெண் கட்டாயம் எழுத வேண்டும். எனக்கு இதில் கோபம்தான், மறைக்கவில்லை.

ஆத்தங்குடிக் கல், காரைக்குடி:

எல்லாம் சரி, பேச்சை எப்படித் தொடங்குவது? எங்கள் அப்பச்சியிடம் உயில் என்ற சொல்லை எடுத்ததுமே, "என்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறாயா?" என்று சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்.

நேமத்தார், சென்னை:

எங்கள் வீட்டிலும் அதே பதில்தான் வந்தது. பிறகு நான் சொத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்களுக்குப் பிறகு படைப்பை யார் எடுத்து நடத்துவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்று மட்டும் கேட்டேன். அப்பச்சி தாமே தாள் எடுத்து வரச் சொன்னார். படைப்புச் செலவுக்கு ஒரு வைப்புத்தொகை, நகரத்தார் கோயில் வரிக்குப் பொறுப்பு இன்னார், சாமி அறைச் சாவி இன்னாரிடம் என்று தொடங்கி, வயலுக்கும் வீட்டுப் பங்குக்கும் அவரே வந்து சேர்ந்தார். ஆச்சிக்கு ஆயுள் உள்ளவரை வீட்டில் இருக்கும் உரிமை உண்டு, யாரும் எழுப்பக் கூடாது என்பதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்களுக்கு அந்த எண்ணமே வந்திருக்காது.

இன்னொன்று: என் தம்பியை எங்கள் பெரியப்பச்சி வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். அப்போது அவனுக்கு இருபது வயதுக்கு மேல். சட்டம் பொதுவாகப் பதினைந்து வயது நிரம்பாதவரைத்தான் தத்தெடுக்கச் சொல்கிறது. அதற்கு மேற்பட்டவர் என்றால் சமூக வழக்கத்தை நிரூபிக்க வேண்டும். பின்னால் யாரும் அதைக் கிளப்பக் கூடாது என்று பெரியப்பச்சி தத்துப் பத்திரத்தைப் பதிந்ததோடு நிற்காமல், அவன் பெயரைச் சொல்லி உயிலும் எழுதிவிட்டார். எச்சரிக்கையான மனிதர்.

பத்திர எழுத்தர், திருப்பத்தூர்:

முப்பது ஆண்டுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நடக்க முடியாதவர் என்றால் காரணத்தைக் காட்டி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பவர்கள் உறையில் முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் சாட்சி. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நம் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? திண்ணையில் உடன் உட்காரும் எண்பது வயது நண்பர்கள் இருவரைக் கூப்பிடுவார்கள். வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும். அன்றைக்கு அவர்கள் இருக்கமாட்டார்கள். கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்கலாம், ஆனால் பெரும்பாடு. எழுதுபவரைவிட இளையவராக, பங்கு எதுவும் பெறாதவராகப் பாருங்கள். எதிர்ப்பு வரும் என்று தோன்றினால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் அன்றைய தேதியிட்ட சான்று வாங்கி வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல், காரைக்குடி:

நன்றி. உயிலுக்குப் பதில் இப்போதே சொத்தை மகன் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிட்டால் முடிந்துவிடாதா?

பத்திர எழுத்தர், திருப்பத்தூர்:

அவசரப்படாதீர்கள். செட்டில்மென்ட் அன்றே கைமாறிவிடும், நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதினால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி பின்னால் ரத்துக் கேட்க வழி இருக்கும். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். ஒவ்வொரு முறையும் தேதியைப் போட்டு, முந்தையது ரத்து என்றும் எழுதுங்கள்.

எழுதிய உயிலை உங்கள் ஒருவர் பெயரில் மட்டும், நாமினி போடாமல் உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க வாரிசு யார் என்று காட்ட வேண்டும்; அதைக் காட்டும் தாள் லாக்கருக்குள் இருக்கும்.