உயரம் போதாத பிள்ளைகளின் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம் நண்பர்களே. சென்னைக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் ரைடில் 120 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களை ஏற்றக் கூடாது.

நேற்று ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று வந்த ஒரு அப்பா, மகள் அளவுகோலுக்கு நாலு விரல் குறைவு என்றதும் கத்த ஆரம்பித்துவிட்டார். "டிக்கெட் விக்கும்போது தெரியலையா? நான் பிடிச்சுக்கிறேன், விடுப்பா!" அந்தப் பிள்ளை குதிகாலை உயர்த்தி நின்று என்னையே பார்த்தது.

எங்கள் பெட்டியில் அருகருகே உட்காரும் இருவருக்கும் மடிமேல் இறக்கும் பாதுகாப்புக் கம்பி ஒன்றேதான். அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். குழந்தையின் மடிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி இருக்கும். இறக்கத்தில் உடம்பு சீட்டைவிட்டு எழும்போது எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. சொன்னேன், கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களும் "ஏத்தி விடுங்க சார்" என்று சேர்ந்துகொண்டார்கள். நான் ஏற்றவில்லை. ஆனால் கை நடுங்கியது, அப்புறம் அடுத்த டிரிப்பில் கம்பிகளை இரண்டு தடவை சோதித்தேன்.

இந்த வேலையில் இருப்பவர்கள், பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரி வரவேற்பில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: கோபமாக இருப்பவரிடம் முதல் வாக்கியமாக என்ன சொல்வீர்கள்? வரிசையின் தொடக்கத்திலேயே உயரம் அளக்கும்படி மேலாளரிடம் எப்படிக் கேட்கலாம்? அந்தக் குழந்தையிடம் என்ன சொல்லியிருக்கலாம்?