மெடுல்லரி தைராய்டு புற்று: ஆபரேஷனுக்கு அப்புறமும் கால்சிடோனின் ஏறுது, என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
அம்மாவுக்கு வயது 56. தைராய்டு முழுசும், கழுத்து நடுவில் இருந்த நெறிகளும் (நிணநீர்க் கணுக்கள்) எடுத்தாச்சு. கால்சிடோனின் (இந்தப் புற்று சுரக்கும் ஹார்மோன்) 6ஆம் மாதம் 20, ஒரு வருஷத்தில் 28, ஒன்றரை வருஷத்தில் 40 பிகோகிராம். சிஇஏ (இன்னொரு புற்று அடையாள ரத்தச் சோதனை) நார்மல், கழுத்து ஸ்கேனும் சுத்தம். சொந்தக்காரர் ஒருத்தருக்குத் தைராய்டு புற்று கதிரியக்க அயோடின் மருந்தில் குணமாச்சு. இவங்களுக்கும் கொடுக்கலாமா? பெட் ஸ்கேன் எடுக்கணுமா?

கடுகு:
அயோடின் வேலைக்கு ஆகாது. இது தைராய்டில் கால்சிடோனின் சுரக்கும் சி செல்லில் வர்ற புற்று; அந்த செல் அயோடினை இழுக்காது. டிஎஸ்எச்சை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அமுக்கி வைக்கவும் தேவையில்லை, நார்மலில் இருந்தால் போதும். பாப்பில்லரி (தைராய்டில் அதிகம் வரும் வேற வகைப் புற்று) கணக்கில் தைராக்சின் மாத்திரையை ஏற்றிவிட்டால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம்.

20, 40 ஆக ஒரு வருஷம். இந்த இரட்டிப்புக் காலம் 6 மாதத்துக்குள் வந்தால் கவலைப்படணும். 2 வருஷத்துக்கு மேல் போனால் நோய் மெதுவாக நகருது. நீங்க நடுவில் இருக்கீங்க, நாலாவது ரிசல்ட்டையும் பார்த்துடுங்க. கால்சிடோனின் 150க்குக் கீழே இருந்தால் மிச்ச நோய் பெரும்பாலும் கழுத்து நெறியில்தான் இருக்கும், பெட்டில் சிக்குவது அபூர்வம். 150 தாண்டினால் நெஞ்சு சிடி, கல்லீரலுக்குக் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ, எலும்பு ஸ்கேன். கல்லீரலில் பொடிப்பொடியாகச் சிதறினால் எந்த ஸ்கேனிலும் தப்பிவிடும்.

ரத்தக்குழாய்:
எல்லா ரிசல்ட்டும் ஒரே லேப், ஒரே கிட்டா (சோதனைக்கு லேப் பயன்படுத்தும் பொருள்)? கிட் மாறினால் ஒப்பிடவே முடியாது. ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே சீரம் பிரிக்கணும், இல்லாட்டி அளவு இறங்கிடும். பயோட்டின் கலந்த முடி மாத்திரையும் சில கிட்டில் குறைத்துக் காட்டும். நோய் நிறைய இருந்தும் அளவு கம்மியாக வந்தால் சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொல்லுங்க.

தொண்டைக்குழி:
பின்னால் சந்தேகமான நெறி தெரிந்தால் ஊசி சோதனையோடு நிறுத்தாதீங்க. ஊசியைக் கழுவிய நீரிலும் கால்சிடோனின் பார்க்கணும். செல் சிக்காவிட்டாலும் அது காட்டிக்கொடுக்கும்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் ஆர்இடி ஜீன் சோதனை கட்டாயம். அம்மாவுக்கு அந்த ஜீனில் பிறவி மாற்றம் இருந்தால் உங்களுக்கும் அது வர 50% வாய்ப்பு. மாற்றம் இருந்தால், மறு ஆபரேஷனுக்கு முன் மெட்டாநெஃப்ரின் (அட்ரினல் கட்டியைக் காட்டும் சோதனை) பார்க்கணும். அட்ரினல் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் டேபிளிலேயே பிபி எகிறும்.

செல்பெர்கடினிப் (ஆர்இடியைத் தடுக்கும் புற்று மருந்து) மாதிரி மாத்திரை நம்பர் ஏறுதேன்னு தொடங்குவதில்லை. ஸ்கேனில் தெரியும் நோய் வளரணும், இல்லை தொந்தரவு கொடுக்கணும்.

வைகைக்கரை:
லேப் ஒண்ணுதான். தினமும் காலையில் அசிடிட்டிக்குப் பான்டோபிரசோல் போடுறாங்க, அது பாதிக்குமா?

ரத்தக்குழாய்:
பாதிக்கலாம். அது காஸ்ட்ரின்ங்கிற இரைப்பை ஹார்மோனை ஏற்றும், காஸ்ட்ரின் மிச்சமிருக்கும் சி செல்லைத் தூண்டும். டாக்டர் சரின்னு சொன்னால் சில வாரம் நிறுத்திட்டு, வெறும் வயிற்றில் அடுத்த ரத்தம் கொடுங்க.