18 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கல்லூரி: கட்டுரை எழுதக் கற்றுக்கொள்வதை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. வேலையை விடாமலேயே இந்த ஆண்டு பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பாடங்கள் நன்றாகப் புரிகின்றன. வகுப்பில் கேள்வி கேட்கவும் எனக்குக் கூச்சம் இல்லை. எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

முதல் கட்டுரைக்குத் தந்த தலைப்பு, "இரவுப் பணி தொழிலாளரின் உடல்நலத்தைப் பாதிக்கிறதா? ஆராய்ந்து எழுதுக" என்பது. மூன்று வாரம் படித்து, குறிப்பெடுத்து, எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: "விவரித்திருக்கிறீர்கள், ஆராயவில்லை. உங்கள் வாதம் எது?" திருத்தி மறுபடியும் தர இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பத்தியை அப்படியே தருகிறேன்.

"2007 ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு நேரப் பணியை 2ஏ என்னும் வகையில் சேர்த்தது. 2019 ஆம் ஆண்டில் மறுபடியும் ஆராய்ந்து அதே வகையை உறுதிசெய்தது. இரவில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் தூக்கம் குறைவாகவே கிடைக்கிறது. இரவுப் பணியில் இருப்போரின் உடல்நலம் பல வழிகளில் பாதிக்கப்படுகின்றன."

இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. பிறகு எதைத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வேலையில் முதல் நாளிலிருந்தே சொல்லித்தருவது, கண்டதை எழுது, கருதியதை எழுதாதே என்பதுதான். நோயாளி கோபமாக இருந்தார் என்று பதிவேட்டில் எழுதக் கூடாது. குரலை உயர்த்திப் பேசினார், மாத்திரையை வாங்க மறுத்தார் என்றுதான் எழுத வேண்டும். 18 ஆண்டுகள் அப்படி எழுதிப் பழகிய கைக்கு, இப்போது திடீரென்று "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டால் பதில் வரவில்லை. உடன் படிக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் ஒரே இரவில் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா, முடியும் என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (கல்லூரியில் எழுத்துப் பயிற்சி அளிப்பவர்)

அன்புள்ள தோழிக்கு வணக்கம். உங்கள் பத்தியில் தகவல் பிழை இல்லை என்பது சரி. ஆனால் அந்த நான்கு வாக்கியங்களையும் எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும் பத்தி அப்படியே இருக்கும். ஒன்று மற்றொன்றைத் தாங்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தும் நன்னூல், அவற்றில் கடைசியாக 'நின்று பயன் இன்மை' என்பதைச் சொல்கிறது. சொல் அங்கே நிற்கிறது, ஆனால் அதனால் ஆகும் பயன் ஏதும் இல்லை என்பது அதன் பொருள். என் மாணவர்களின் தாள்களில் நான் மிகுதியாகக் காணும் குற்றம் இதுதான். வயதில் மூத்த மாணவர்களிடம் இன்னும் மிகுதி, ஏனென்றால் அவர்கள் பொறுப்போடு நிறையப் படித்துவிட்டு, படித்ததில் எதையும் விட்டுவிட மனமில்லாமல் எழுதுகிறார்கள்.

உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 2ஏ என்றால் என்ன? மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது அந்த வகையின் பெயர். ஆனால் அந்த முகமையின் வகைகள், ஒரு பொருளோ பழக்கமோ புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. இதை அறியாமல் வாசிப்பவர் ஒருவர் உங்கள் வாக்கியத்தைப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார். இன்னொருவர், முதல் வகையில் சேர்க்கவில்லையே என்று அலட்சியமாகக் கடந்துபோவார். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இரண்டு முறை ஆராய்ந்தபோதும் மனிதரிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது என்றே அந்த முகமை முடிவு செய்தது. ஏன் அப்படி? ஒவ்வோர் ஆய்வும் இரவுப் பணி என்பதை ஒவ்வொரு விதமாக வரையறுத்தது அதற்கு ஒரு காரணம். மாதத்தில் சில இரவுகள் மட்டும் வேலை பார்ப்பவரும், ஆண்டுக்கணக்கில் இரவில் மட்டுமே வேலை பார்ப்பவரும், வாரந்தோறும் பகலும் இரவுமாக மாறி மாறிப் பார்ப்பவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால் முடிவு எப்படித் தெளிவாக வரும்? இந்தத் துறையின் முக்கியமான ஆய்வுகளில் சில செவிலியரைக் கொண்டே நடந்தவை. இந்த வேறுபாட்டை உடம்பால் அறிந்த நீங்கள், அந்த அறிவை எட்டுப் பக்கத்திலும் ஓரிடத்தில்கூடப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. உங்கள் அனுபவம் சான்றாகாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அது உங்களுக்குச் சொல்லும். இருபது வயது மாணவரிடம் அந்தக் கேள்வி இருக்க வாய்ப்பில்லை.

எனவே, திருத்தத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். யாராவது மறுத்துப் பேசக்கூடியதாக அது இருக்க வேண்டும். "இரவுப் பணி உடல்நலத்தைப் பாதிக்கிறது" என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால் அது வாதம் ஆகாது. அந்த ஒரு வாக்கியம் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பத்தியும் அதற்கு என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் செய்யாத பத்தியை எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2 (முன்னாள் செவிலியர்)

வணக்கம் சகோதரி. நானும் 22 ஆண்டுகள் வார்டில் இருந்துவிட்டுப் படிக்கப் போனவள். உங்களுக்கு வாதிடத் தெரியாது என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நள்ளிரவில் பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது எஸ்பிஏஆர் முறையில் பேசச் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. "ஐயா, நோயாளிக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மணி நேரம் ஆகிறது. உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." இதில் மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லாமல் வெறும் எண்களை மட்டும் வாசித்துவிட்டு வைத்திருந்தால் மருத்துவர் எழுந்து வந்திருப்பாரா? உங்கள் பேராசிரியர் கேட்பது அந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான். அந்த நோயாளிக்கு அன்று இரவு என்ன சாப்பாடு, யார் பார்க்க வந்தார்கள் என்பதையெல்லாம் நீங்கள் தொலைபேசியில் சொல்லியிருக்க மாட்டீர்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை மதிப்பீடுதான் தீர்மானித்தது. கட்டுரையிலும் அப்படியே செய்யுங்கள்.

பதிவேட்டில் கருத்தை எழுதாதே என்று நமக்குச் சொன்னது வேறு காரணத்துக்காக. பிறகு படிப்பவர் நம் ஊகத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக. கட்டுரையில் இரண்டையும் எழுதலாம். எது கண்டது, எது கருதியது என்று வாசகருக்குப் பிரித்துக் காட்டினால் போதும். நமக்கு அந்தப் பிரிவு ஏற்கெனவே கைவந்தது.

மறுமொழி 3 (46 வயதில் கல்லூரிக்குத் திரும்பிப் பட்டம் பெற்றவர்)

முதல் மறுமொழியில் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முதலில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுப் பிறகு தொடங்குங்கள் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அறிவுரையைக் கேட்டு நான் ஒரு பருவம் முழுவதையும் வீணாக்கினேன். நினைத்துப் பார்த்துக்கொண்டே வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்திருந்தேன், வாக்கியம் வரவில்லை. எனக்கு வாதம் என்பது முதல் வரைவின் கடைசிப் பத்தியில், களைத்துப்போய் "ஆக, நான் சொல்ல வருவது என்னவென்றால்" என்று எழுதும் இடத்தில்தான் வந்து சேர்ந்தது. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டது, அந்தக் கடைசிப் பத்தியை வெட்டி முதலில் வைத்து, மற்றதையெல்லாம் புதிதாக எழுதுவது.

இது என் தனிப்பட்ட பழக்கம் மட்டும் அன்று. அமெரிக்க ஆய்வாளர் நான்சி சோமர்ஸ் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் 20 பேரையும் எழுதிப் பழகிய பெரியவர்கள் 20 பேரையும் எழுத வைத்து, திருத்தவும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்களுக்குத் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது. திரும்ப வந்த சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போடுவது. எழுதிப் பழகியவர்களோ, தம் வாதத்தின் வடிவத்தையே திருத்தத்தின்போதுதான் கண்டுபிடித்தார்கள். முதல் வரைவு என்பது அவர்களுக்குத் தேடிப்பார்க்கும் இடமாக இருந்தது. ஒரே இரவில் முடிக்கும் இளையவர்களைப் பார்த்துக் கலங்காதீர்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் முதல் வரைவு.

வேலையோடு படிப்பவர்களுக்கு நேரம் பற்றி ஒன்று. முழு நாள் விடுப்பு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கட்டுரை எழுத முடியாது. நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். ஆனால் எழுந்திருக்கும்போது, அடுத்து எழுத வேண்டிய வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. வார்டில் ஒரு பணிமுறை முடிந்து அடுத்தவருக்கு நிலவரம் சொல்லிவிட்டுப் போவதைப் போல, நாளை வந்து உட்காரப்போகிற உங்களுக்கே ஒரு வரி எழுதி வையுங்கள்.

மறுமொழி 4 (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொலைபேசி எடுத்துக்காட்டைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளாக நான் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் உண்டா என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேற்று இரவுப் பணி முடிந்து வந்ததும் அந்தப் பத்தியை மாற்றி எழுதினேன். ஒரு வாக்கியம் முதலில் வரவில்லை. மூன்றாம் முறை எழுதியபோதுதான் வந்தது.

"இரவுப் பணி ஆபத்தானதா என்ற கேள்விக்கு, எந்த இரவுப் பணி என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007 இலும் 2019 இலும் இதனை 2ஏ வகையில் வைத்தது. மனிதரிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது என்பதும் அந்த முடிவின் பகுதியே. சான்று குறைவாக இருப்பதாலேயே ஆபத்து குறைவு என்று கொள்ள முடியாது. நிலையாக இரவில் வேலை செய்பவரையும், வாரந்தோறும் பணிமுறை மாறுபவரையும் ஒரே பிரிவில் எண்ணினால், ஒரு பிரிவினருக்கு உள்ள பாதிப்பு மற்றொரு பிரிவினரின் எண்ணிக்கையில் மறைந்துபோகக்கூடும் என்பது என் கருத்து."

பகல் தூக்கம் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அது உண்மைதான் என்றாலும், இந்தப் பத்தியில் அதற்கு வேலை இல்லை என்று பட்டது. ஒரு சந்தேகம்: "என் கருத்து" என்று எழுதலாமா? மேலும், என் எழுத்தில் இலக்கணப் பிழைகளும் வருகின்றன. பேசும்போது வராத பிழை எழுதும்போது ஏன் வருகிறது?

மறுமொழி 5 (எழுத்துப் பயிற்சி அளிப்பவர்)

இந்தப் பத்தியின் வாக்கியங்களை இனி இடம் மாற்றி வைக்க முடியாது, முயன்று பாருங்கள். வாதம் முதலில் வர வேண்டியதில்லை என்று தோழர் சொன்னதையும் உங்கள் அனுபவம் உறுதிசெய்கிறது. வரைவைக் கொடுக்கும் முன் வந்திருக்க வேண்டும் என்று என் அறிவுரையைத் திருத்திக்கொள்கிறேன். "என் கருத்து" என்று எழுதலாம், ஆனால் இங்கே தேவையில்லை. "மறைந்துபோகக்கூடும்" என்ற சொல்லிலேயே அது கருதியது என்பது தெரிந்துவிடுகிறது. அப்படி மறைந்த ஓர் ஆய்வையாவது, அல்லது இரண்டையும் பிரித்து எண்ணிய ஓர் ஆய்வையாவது அடுத்த பத்தியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் இது நல்ல ஊகமாக மட்டுமே நின்றுவிடும்.

பிழை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பழைய பத்தியில் "உடல்நலம் ... பாதிக்கப்படுகின்றன" என்று எழுதியிருந்தீர்கள். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. இடையில் வந்த "பல வழிகளில்" என்ற சொற்கள் உங்கள் காதில் பன்மையை ஒலித்துவிட்டன. "பாதிக்கப்படுகிறது" என்று வந்திருக்க வேண்டும். பேச்சில் இத்தனை நீண்ட வாக்கியத்தை நாம் கட்டுவதில்லை, அதனால் அங்கே இந்தப் பிழைக்கு இடமும் இல்லை. நியூயார்க்கின் சிட்டி கல்லூரியில் 1970 இல் சேர்க்கை விரிவாக்கப்பட்டு, அதுவரை கல்லூரி வாசலை மிதிக்காத பலர் உள்ளே வந்தபோது, அங்கே எழுத்து கற்பித்த மீனா ஷாக்னசி அவர்களுடைய சுமார் 4,000 கட்டுரைகளைப் படித்துப் பார்த்தார். பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, எழுதுபவர் தமக்குப் பழக்கமில்லாத நடையை எட்டிப் பிடிக்க முயலும்போது வருபவை, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு காரணம் இருக்கிறது என்று 1977 இல் எழுதினார். அதனால் பிழைக்குப் பயந்து சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதாதீர்கள். நீண்ட வாக்கியத்தையே எழுதிவிட்டு, முடித்ததும் எழுவாயையும் பயனிலையையும் மட்டும் அடிக்கோடிட்டு, இரண்டையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். "உடல்நலம் பாதிக்கப்படுகின்றன" என்று காதில் விழுந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

திருத்தியதைக் கொடுக்கும் முன், உடன் படிக்கும் அந்த இருபது வயதுப் பிள்ளைகளில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், அவருடையதை நீங்கள் வாங்கிப் படியுங்கள். ஆசிரியரிடம் கேட்பதால் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. பணிமுறை பற்றிய பத்தி அவருக்கு எந்த இடத்தில் புரியாமல் போகிறதோ, அந்த இடத்தில்தான் நீங்கள் இன்னும் இரண்டு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும்.